ஐநூற்றொரு ரூபாய் முன்பணம்

கல்கத்தாவின் சித்பூர் சாலையில் ஹராதன் மாய்த்தியின் குரலைக் கேட்காதவர் கிடையாது. டிராம் மணியையும் சுமைக்காரர்களின் கூச்சலையும் தாண்டி, சந்திரமுகுட் ஒபெரா என்ற ஜாத்ரா, அதாவது வங்காள ஊர்நாடக, கம்பெனியின் மாடி அறையிலிருந்து அந்தக் குரல் கணீரென்று தெருவுக்கு இறங்கி வரும். இளமையில் அவர் மேடையில் விவேக் வேடம் கட்டியவர். ராஜா தப்பு செய்யப் போகும் நேரத்தில் கறுப்பு அங்கியோடு எங்கிருந்தோ வந்து, அவனுடைய மனசாட்சி பேச வேண்டியதைப் பாட்டாகப் பாடிவிட்டுப் போகிற வேடம். நாடகங்கள் மாறின. குடும்பக் கதைகளில் விவேக்குக்கு வேலை இல்லாமல் போனது. பழைய முதலாளி அவரைத் தெருவில் விடவில்லை, மேனேஜராக்கினார். ஊர் ஊராகக் கம்பெனிக்குத் தேதி பிடிப்பது, முன்பணம் வாங்குவது, பஸ்ஸும் லாரியும் ஏற்பாடு செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. அப்படியே தலை நரைத்துவிட்டது.

ரத யாத்திரை அன்றுதான் சித்பூரில் புது சீசனுக்கு முன்பதிவு தொடங்கும். வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே தட்டு நிறைய இனிப்பு. கிராமங்களிலிருந்து விழாக் கமிட்டிக்காரர்கள் வந்து குவிவார்கள். அந்த நாளில் கம்பெனிக்கு விழும் முதல் முன்பணம் யாருடையது என்பதில்தான் வருடத்தின் ராசியே இருக்கிறது என்பது சித்பூரின் நம்பிக்கை. சந்திரமுகுட் ஒபெராவுக்கு அந்த முதல் பணம் பல வருடங்களாக ஒரே கையிலிருந்துதான் வரும். மேதினிப்பூரில் பலாசிபாட் என்ற ஊரைச் சேர்ந்த பரேஷ் பேரா. வெற்றிலைக் கொடிக்கால்காரர். முதல் ரயிலிலேயே வந்து, கதவு திறப்பதற்கு முன் படியில் உட்கார்ந்திருப்பார். மடியிலிருந்து ஐநூற்றொரு ரூபாயை எடுத்து வைப்பார். அவ்வளவுதான் அவருடைய முன்பணம். மற்ற ஊர்கள் கட்டுக்கட்டாகக் கொடுக்கும்.

அது ஏன் அவ்வளவு குறைவு? ஒரு வெள்ள வருடத்தில் பலாசிபாட் போகும் வழியில் கம்பெனியின் லாரி வாய்க்காலில் கவிழ்ந்தது. உடைகள், திரைகள், விளக்குகள் எல்லாம் தண்ணீரோடு போயின. ஆட்டம் நடக்கவில்லை. நடுங்கிக்கொண்டு நின்ற முதலாளியிடம் பரேஷ் பேரா முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தார். "வர்றதுக்குத்தானே கிளம்பினீங்க, அப்புறம் என்ன?" என்றாராம். முதலாளி அந்த வயல் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். "இனி உங்க ஊர்கிட்ட முன்பணம்னு ஒரு சம்பிரதாயத்துக்கு ஐநூத்தி ஒண்ணு. அதுக்கு மேல வாங்கினா நான் மனுஷன் இல்ல" என்றார். அந்த முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார். ஐநூற்றொரு ரூபாய் மட்டும் தொடர்ந்தது.

முதலாளியின் மகன் அனிர்பாண் கம்பெனியை ஏற்றுக்கொண்டான். டெல்லியில் வணிகம் படித்துவிட்டு வந்தவன். கெட்டவன் இல்லை. அப்பா விட்டுப்போன கடன், பழுதான பஸ், சம்பள பாக்கிக்காக வேறு கம்பெனிக்குப் போய்விடுவேன் என்று தினமும் மிரட்டும் கதாநாயகி தாபசி. இத்தனையையும் சமாளித்துக்கொண்டிருந்தான். ஹராதனை அவன் "காகு", சித்தப்பா, என்றுதான் கூப்பிடுவான். ஆனால் நாலு பேர் நடுவில், "நம்ம காகு பெட்ரோமாக்ஸ் காலத்து ஆளு. காத்து அடிச்சாத்தான் எரிவார்" என்று கிண்டல் செய்வான். எல்லோரும் சிரிப்பார்கள். ஹராதனும் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அவர் நெஞ்சில் எத்தனை ஊசிகள் இறங்கின என்பது யாருக்குத் தெரியும்?

மாசி பிறப்பதற்குச் சற்று முன் ஒரு காலையில் அனிர்பாண் அவசரமாகக் கூப்பிட்டான்.

"காகு, சீதளா பூஜை அன்னிக்கு நமக்கு எந்த ஊர்?"

"பலாசிபாட். அவங்க ஊர் அம்மன் விழா. வருஷா வருஷம் அவங்கதான்."

"தாரகேஷ்வர்ல ஷைலேன் கோலே புதுசா உருளைக்கிழங்கு கிடங்கு திறக்கறார். குளிர்பதனக் கிடங்கு. அதே நாள் நம்மதான் வேணுமாம். பலாசிபாட் தர்றதைப் போல மூணு மடங்கு தர்றேங்கறார்."

"வேற நாள் கேட்டுப் பாருங்களேன்."

"மந்திரி அன்னிக்குத்தான் வர்றாராம். அந்தப் பணம் கிடைச்சா பஸ்ஸு சரியாகும், தாபசி வாய் மூடும், எல்லாருக்கும் பாக்கி தீரும். அதான் யோசிக்கறேன். முறிச்சா எவ்வளவு ஆகும்?"

இந்த இடத்தில் ஹராதன் மௌனமாக இருந்திருக்கலாம். 'தெரியலை, ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்கணும்' என்றிருக்கலாம். 'அந்த ஊரைத் தொடாதீங்க' என்று அந்தக் கணீர்க் குரலில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தப் பையன் ஒருவேளை அடங்கியிருப்பான். ஆனால் அறையில் கணக்குப்பிள்ளை இருந்தார், தாபசி இருந்தாள். பெட்ரோமாக்ஸ் என்று சிரித்தவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். ஹராதன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வராமப் போனா முன்பணம் மாதிரி ரெண்டு மடங்கு தரணும். எல்லா ஊருக்கும் அதே விதிதான். பலாசிபாட்டுக்கு ஆயிரத்து ரெண்டே ரூபாய். இந்த சீசன்லயே முறிக்கறதுக்குச் சல்லிசான ஊர் அதுதான், சின்ன பாபு."

அனிர்பாண் மேசையைத் தட்டிச் சிரித்தான். "காகு! உங்களைப் போயி பெட்ரோமாக்ஸ்னு சொன்னேனே! நீங்க டியூப்லைட்டு!"

"டியூப்லைட்டும் மெதுவாத்தான் எரியும்" என்றாள் தாபசி. அறையே சிரித்தது.

அன்று ஹராதனும் மனம் நிறைந்து சிரித்தார். ஐயோ, அந்தச் சிரிப்பு! பிறகு எத்தனை நாள் அதை நினைத்து அவர் தன் முகத்தையே பிய்த்து எறிய விரும்பினார்!

தெருவுக்கு இறங்கி ஒரு மண் குவளைத் தேநீர் குடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. மேலே ஓடினார். "சின்ன பாபு, அது நம்மள நம்பின ஊரு. அப்பா சொன்ன வார்த்தை…"

அனிர்பாண் பொறுமையாகவே பதில் சொன்னான். "காகு, ஒப்பந்தம்ங்கறது சத்தியம் இல்ல. 'வர்றேன், வரலைன்னா இவ்வளவு தர்றேன்'னு எழுதியிருக்கோம். ரெண்டுல எதைச் செஞ்சாலும் சொன்னபடி நடந்த மாதிரிதான். சரி, ஆயிரத்து ரெண்டோட விட வேணாம். பத்தாயிரம் மேலயே கொடுப்போம். நல்ல கம்பெனி ஒண்ணை நம்ம செலவுல அவங்களுக்கு அனுப்பறேன். அவங்களுக்கும் ஆட்டம், கையில காசு. கோலேவுக்கு அவர் கேட்டது. நமக்குப் பாக்கி தீருது. இதுல யார் அழுவாங்கன்னு சொல்லுங்க?"

ஒவ்வொரு வரியும் சரியாகத்தான் இருந்தது.

"அப்ப நான் போயி நேர்ல சொல்லிட்டு வர்றேன்" என்றார்.

*

மேச்சேடாவில் ரயிலிலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, பலாசிபாட் நிறுத்தத்தில் அவர் காலை வைத்தபோது முதலில் அவர் காதில் விழுந்தது ஒரு குரல். வயல்களுக்கு அப்பாலிருந்து, குளத்துக்கு மேலாக, மூங்கில் புதர்களைத் தாண்டி வந்தது.

"வருகிறது! வருகிறது! உங்கள் ஊருக்கு, உங்கள் சந்திரமுகுட் ஒபெரா! இவ்வாண்டின் கண்ணீர்க் காவியம், 'குங்குமத்தின் மேல் ஆணை'! தாய்மார்களே, கைக்குட்டை மறவாதீர்கள்!"

அது அவருடைய குரல். வருடா வருடம் அவர் பேசி அனுப்பும் கேசட். சைக்கிள் வேனில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஒரு வாரமாக அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அதைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒருவர் அவரை அடையாளம் கண்டு, "அங்கயும் நீங்க, இங்கயும் நீங்க! எதுங்க நிஜம்?" என்று சிரித்தார். ஹராதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நல்ல குளிர்காற்று. ஆனாலும் வேர்த்திருந்தது.

ஊர்த் திடலில் பந்தல் பாதி எழும்பியிருந்தது. மேடைக்கு முன்னால் ஒவ்வொரு குடும்பமும் இப்போதே சாக்கை விரித்துக் கல்லை வைத்து இடம் பிடித்திருந்தது. கட்டிக்கொடுத்த பெண்களெல்லாம் பிள்ளைகுட்டிகளோடு பிறந்த வீட்டுக்கு வந்திருந்தார்கள். எந்த வாசலைப் பார்த்தாலும் புது மாப்பிள்ளைச் செருப்பு.

"ஹராதன்-தா! ரெண்டு நாள் முன்னாடியே வந்துட்டீங்களா? மேடை சரியில்லைன்னு சந்தேகமா?" பரேஷ் பேரா கொடிக்காலிலிருந்து ஓடி வந்து இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"இல்ல பரேஷ்-பாபு, ஒரு விஷயம்…"

"விஷயம் ஓடியா போயிடும்? முதல்ல சாப்பாடு. ஏ கனகா, யாரு வந்திருக்காங்க பாரு!"

பரேஷின் மனைவி கனகலதா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "போன வருஷம் மூணு துண்டு மீனோட எழுந்தவருதானே? இந்தத் தடவை நான் கதவைச் சாத்திட்டுத்தான் பரிமாறுவேன்."

"பௌதி, எனக்குப் பசியில்ல" என்று அண்ணி முறை வைத்துச் சொன்னார் ஹராதன்.

"கல்கத்தாக்காரங்க பசின்னு வாயால சொல்ல மாட்டாங்க. கண்ணால சொல்வாங்க."

அவருக்காகக் குளத்தில் வலை போட்டார்கள். வாசலில் மரப்பலகையில் உட்கார்ந்திருந்த ஹராதன், வலையில் துள்ளிய கெண்டையைப் பார்த்தார். 'இப்போது சொல்லிவிடு, மீன் பிழைத்துப் போகட்டும்' என்று நினைத்தார். சொல்லவில்லை. அடுப்பில் கடுகு அரைத்த வாசனை எழுந்தது. 'இலை போடுவதற்கு முன் சொல்லிவிடு.' சொல்லவில்லை. இலை வந்தது. சோறு, கசகசா அரைத்த உருளைக்கிழங்கு, மீன் தலை போட்ட பருப்பு, கடுகு மீன். சொல்ல வேண்டிய வாய், சாப்பிட்டது. பௌதி வைத்துக்கொண்டே இருந்தாள், அவர் மறுக்காமல் தின்றுகொண்டே இருந்தார். இந்த உலகத்தில் மனிதனுக்கு எத்தனையோ தண்டனைகள் இருக்கின்றன. துரோகம் செய்யப் போகிறவனுக்கு மீனில் முள்ளெடுத்துத் தருகிற கையைவிடக் கொடியது உண்டா?

கடைசியில் ஈச்ச வெல்லப் பாயசம் வந்தபோதுதான் அவர் கை நின்றது. தலை குனிந்தபடியே சொன்னார்.

"பரேஷ்-பாபு, கம்பெனி வராது."

"லாரி கவுந்துச்சா?" பரேஷ் பதறி எழுந்தார். "யாருக்காவது அடியா?"

அந்தக் கேள்வியில் ஹராதன் உடைந்துபோனார். "ஒண்ணும் கவுழல. எல்லாரும் நல்லா இருக்காங்க. தாரகேஷ்வர்ல ஒருத்தர் அதிகம் கொடுக்கறார். அங்க போறோம்."

எல்லாவற்றையும் சொன்னார். பத்தாயிரத்தையும் ஆயிரத்து இரண்டையும் எடுத்து வைத்தார். மாற்றுக் கம்பெனியின் பெயரைச் சொன்னார். இது சின்ன பாபுவின் யோசனை இல்லை, முறிக்கச் சல்லிசான ஊர் இதுதான் என்று காட்டிக் கொடுத்தது தானே என்பதையும் சொன்னார். அதை மறைத்திருந்தால் யாருக்குத் தெரியும்? ஆனால் தின்றது அந்த வீட்டுச் சோறு. சொல்லாமல் அது செரிக்காது என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

கனகலதா பாயசக் கிண்ணத்தைத் திரும்ப எடுக்கவும் இல்லை, அவர் பக்கம் தள்ளவும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

செய்தி திடலுக்குப் போய்விட்டது. ஊர் கிளப் இளைஞர்கள் வாசலில் திரண்டார்கள்.

"மேனேஜரைக் கட்டி வைங்கடா! கம்பெனி வந்து அவுத்துக்கட்டும்!"

"மேடையில விவேக் வேஷம் கட்டினவராமே! வேஷத்தை அவுக்கும்போது விவேகத்தையும் சேர்த்துப் பொட்டியில வச்சுட்டாரு போல!"

பரேஷ் வெளியே வந்தார். "யாரும் தொடக் கூடாது. சாப்பிட்ட இலைகூட எடுக்கல." கூட்டம் அடங்கியது. அவர் ஆயிரத்து இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு பத்தாயிரத்தை ஹராதன் பக்கம் நகர்த்தினார். "எழுதினது இவ்வளவுதான். எழுதாததுக்கு விலை வேணாம். அந்த இன்னொரு கம்பெனியை அனுப்பச் சொல்லுங்க. வீட்டுக்கு வந்த பொண்ணுங்க ஆட்டம் பார்க்காமப் போகக் கூடாது."

"உங்க மனசு…"

"என் மனசை விடுங்க. ஒரே ஒரு வேலை பாக்கி. ஒரு வாரமா 'வருகிறது வருகிறது'ன்னு ஊர் ஊரா சொன்னது உங்க குரல். என் குரலா இருந்தா நானே போயி இல்லைன்னு சொல்லிடுவேன். நீங்களே சொல்லிட்டுப் போங்க."

*

சைக்கிள் வேனில் ஹராதனும் பரேஷும் அருகருகே உட்கார்ந்தார்கள். கேசட்டை நிறுத்தினார்கள். ஹராதன் மைக்கைக் கையில் வாங்கினார். எத்தனை ஆயிரம் பேர் முன்னால் பாடிய வாய் அது!

"அன்பார்ந்த ரசிகர்களே, தவிர்க்க முடியாத காரணங்களால் சந்திரமுகுட் ஒபெரா…"

பரேஷ் மைக்கை உள்ளங்கையால் பொத்தினார். "எந்தக் காரணத்தைத் தவிர்க்க முடியல, ஹராதன்-தா?"

கேள்வியில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலிருந்தது. ஹராதன் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சொன்னார். "சந்திரமுகுட் ஒபெரா வராது. வேறொரு இடத்தில் அதிகப் பணம் கிடைத்திருப்பதால் அங்கே போகிறோம். உங்களுக்கு வேறு கம்பெனி வரும். சொல்வது, மேனேஜர் ஹராதன் மாய்த்தி."

அடுத்த ஊரிலும் அதையே சொன்னார். அதற்கடுத்த ஊரிலும் சொன்னார். எங்கேயாவது ஒரு கல் வந்து விழும், நெற்றியில் ரத்தம் வரும் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் எதிர்பார்த்தார். வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒருவரும் எறியவில்லை. ஒரு குளக்கரையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"எவ்வளவு அதிகமாம்?" என்றாள் ஒருத்தி.

"மூணு மடங்கு, அம்மா."

"அடி ஆத்தி! அப்ப போகத்தானே செய்வாங்க? என் புருஷனா இருந்தா அரை மடங்குக்கே ஓடியிருப்பான்!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களில் வயதான ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "ஏன்ப்பா, எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? மூணு மடங்கு இல்லாட்டியும், வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல்லுன்னு போட்டு ஏதோ சேர்த்திருப்போமே" என்றாள்.

ஹராதன் மைக்கை மடியில் வைத்தார். கேட்க வேண்டும் என்று கம்பெனியில் யாருக்கும் தோன்றவே இல்லை. கேட்டால் இந்த ஜனங்கள் கொடுத்துவிடுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். கொடுத்துப் பழகியவர்கள்.

கடைசி ஊரை முடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பரேஷும் பக்கத்தில் நின்றார். விருந்தாளியை பஸ் ஏற்றாமல் போவது அவருக்குத் தெரியாது. ஹராதன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வர்ற ரத யாத்திரைக்கு… வருவீங்களா?"

பரேஷ் அவர் பக்கம் திரும்பினார். "வரலாம். எங்க ஊர்ப் பொண்ணுங்களுக்கு உங்க ஆட்டம் பிடிக்கும். ஆனா நீங்க ஒண்ணு சொல்லணும். எவ்வளவு முன்பணம் வச்சா நீங்க எங்களை விட்டுட்டுப் போக முடியாது? அதைச் சொல்லுங்க. எங்கேயாவது புரட்டிக் கொண்டு வந்துடறேன்."

ஆயிரத்து இரண்டைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கணக்குப் போட்டவருக்கு அந்தத் தொகை வரவில்லை. பஸ் வந்தது. ஏறிக்கொண்டார். ஜன்னல் பக்கம் இடம் இருந்தது. அவர் உள்பக்கமாகப் போய் உட்கார்ந்தார்.

*

தாரகேஷ்வரில் ஆட்டம் அமர்க்களமாக நடந்தது. அதை இல்லை என்று சொன்னால் பொய். ஷைலேன் கோலே மகிழ்ந்துபோய் மேடை ஏறி தாபசிக்குப் பட்டுப்புடவை போர்த்தினார். பலாசிபாட்டில் மாற்றுக் கம்பெனியும் நன்றாகவே ஆடியதாகத் தகவல் வந்தது. பெண்கள் வழக்கம்போல் அழுதார்களாம். பஸ் பழுது பார்க்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் இருந்த பாக்கிகள் தீர்ந்தன.

சம்பளம் கொடுத்த அன்று அனிர்பாண் எல்லோர் முன்னிலும் ஒரு தடித்த உறையை ஹராதனிடம் நீட்டினான்.

"இது காகுவுக்கு இனாம். அன்னிக்கு இவர் சொல்லலைன்னா எனக்குத் தோணியே இருக்காது. காகு, ஒரு வாரமா முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கீங்களே, இப்பவாவது சொல்லுங்க. இதுல யாருக்கு நஷ்டம்? ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க, பார்ப்போம்."

கணக்குப்பிள்ளை சிரித்தார். தாபசி, "அவருக்கு ஆள் கிடைக்கலைன்னா என்னைக் காட்டிடப் போறாரு" என்றாள்.

ஹராதன் வாயைத் திறந்தார். அந்த வயதானவளைச் சொல்வதா? அவள் ஆட்டம் பார்த்துவிட்டாள். பரேஷைச் சொல்வதா? அவர் கையில் போட்ட பணத்தைப் போல் இரண்டு மடங்கு இருக்கிறது. கனகலதாவைச் சொல்வதா? அவளுக்கு என்ன போயிற்று, ஒரு கிண்ணம் பாயசம். தன்னையே காட்டலாம் என்றால், உறை கண் முன்னால் நீண்டுகொண்டிருந்தது.

வீட்டில் மனைவிக்குக் கண் ஆபரேஷன் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

உறையை வாங்கிக்கொண்டார். "நன்றி, சின்ன பாபு" என்றார். அந்தக் குரல், எதிரில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்கவில்லை.